திரைக்கு இந்தப் பக்கம்

புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் 1904ஆம் ஆண்டு ஒரு பெண் சேர்ந்தார். அதுவரை ஆண்கள் மட்டுமே படித்துவந்த கல்லூரி. ஒரு பெண் உள்ளே வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று ஊரில் எதிர்ப்பு. மன்னரின் அனுமதியால் இடம் கிடைத்தது. மூடிய வண்டியில் வந்துபோனார். வகுப்பறையில் அவருக்கும் மாணவர்களுக்கும் நடுவில் ஒரு திரை தொங்கியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கையைப் பேசுகிற எவரும் இந்தத் திரையைச் சொல்லாமல் விடுவதில்லை. மகளிர் தின மேடைகளில் நானும் சொல்லியிருக்கிறேன், கைதட்டும் வாங்கியிருக்கிறேன்.

அப்போதெல்லாம் அது பார்வையை மறைத்த திரை என்றுதான் நினைத்தேன். சில ஆண்டுகளாக வேறு மாதிரி தோன்றுகிறது. திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் பாடத்தைக் கேட்கலாம், குறிப்பெடுக்கலாம், தேர்வெழுதி முதலிடம்கூட வாங்கலாம். பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது. தான் சொன்னதைக் கேட்டு எதிரே ஒரு முகம் மாறுவதைப் பார்க்க முடியாது. தமிழ்நாட்டுப் பெண்களுக்கு ஆங்கிலம் எப்படிக் கொடுக்கப்பட்டது என்பதற்கு இதைவிடத் துல்லியமான படம் எனக்குக் கிடைக்கவில்லை. படிக்கலாம், எழுதலாம். பேச்சுக்கு மட்டும் வகுப்பில் இடமில்லை.

தமிழ்ப் பேராசிரியை ஆங்கிலம் பேசுவதைப் பற்றி எழுதலாமா என்று தோழி ஒருத்தி கேட்டாள். எழுதித்தான் ஆகவேண்டும். இதில் எனக்கு ஒரு கடன் இருக்கிறது.

*

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் பி.ஏ. தமிழ் மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி துறைக்கு வந்து நின்றாள். “மேம், ஆஸ்பத்திரியில ரிசப்ஷன் வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. இங்கிலீஷ்ல பேசச் சொல்லுவாங்களாம். எழுதினா எழுதிடுவேன் மேம், வாய்தான் வரல. ஏதாவது சொல்லிக் குடுங்க” என்றாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அரைமணி நேரம் பேசினேன். ஜப்பான்காரன் தன் மொழியில்தான் படிக்கிறான், நம் மொழிக்கு இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம் இருக்கிறது, நீ ஏன் கூனிக்குறுக வேண்டும் என்றெல்லாம். அவள் நின்றுகொண்டே கேட்டாள். “சரிங்க மேம்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வேலை கிடைக்கவில்லை. பல வருடம் கழித்துப் பேருந்தில் பார்த்தேன். ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே பார்க்கும் வேலை, கால் வீங்கியிருந்தது. “அன்னிக்கு நீங்க ரொம்ப நல்லாப் பேசினீங்க மேம்” என்றாள். கேலி இல்லை, உண்மையாகவே சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

அன்று எனக்கு ஏன் அவ்வளவு ஆவேசம் வந்தது என்பது எனக்குத் தெரியும். முனைவர் பட்டம் முடித்த புதிதில் ஒரு தனியார் கல்லூரியின் நேர்காணலுக்குப் போயிருந்தேன். தமிழ் விரிவுரையாளர் பணி. ஆய்வு சங்கப் பெண்பாற் புலவர்களைப் பற்றியது. தேர்வுக் குழுவில் இருந்த ஒருவர், ஆய்வைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் சொல்லச் சொன்னார். எனக்கு ஆங்கிலம் தெரியும். ஆங்கில ஆய்வு நூல்களைப் படித்துத்தான் ஆய்வேடு எழுதினேன். ஆனால் உள்ளே இருந்த சொற்களில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. ‘மை தீசிஸ் இஸ்...’ என்று நிறுத்தினேன். அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போய் அவன் அவையிலேயே பேசிய ஒளவையைப் பற்றி நானூறு பக்கம் எழுதியவள், கையைப் பிசைந்துகொண்டு வெளியே வந்தேன். வெட்கத்தைப் பெருமிதமாக மாற்றிக்கொள்ளத் தமிழ்த்துறை வசதியான இடம். அந்த வசதியை நான் பயன்படுத்திக்கொண்டேன். விலை கொடுத்தது என் மாணவி.

*

‘எழுதினால் எழுதிவிடுவேன், வாய்தான் வராது.’ இதைச் சொல்லாத பெண் எங்கள் கல்லூரியில் குறைவு. தனிப்பட்ட கூச்சம் என்றுதான் எல்லாரும் இதற்கு மருந்து சொல்கிறார்கள்: கண்ணாடி முன் நின்று பேசு, ஆங்கிலச் செய்தி கேள், தினம் பத்து வார்த்தை மனப்பாடம் செய். கூச்சத்துக்கும் வரலாறு உண்டு என்பதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கப்பட்டபோது அதற்கு மாதிரி இலண்டன் பல்கலைக்கழகம். பாடம் நடத்துவது இணைப்புக் கல்லூரிகளின் வேலை. பல்கலைக்கழகத்தின் வேலை தேர்வு வைத்துப் பட்டம் கொடுப்பது. அந்தத் தேர்வு பெரும்பாலும் தாளில் நடப்பது. தாளில் கேட்காததை வகுப்பில் யார் சொல்லிக்கொடுப்பார்கள்? ஆண்களுக்கும் இதே கல்விதான். ஆனால் அவர்களுக்கு வகுப்புக்கு வெளியே கச்சேரி இருந்தது, ஆபீஸ் இருந்தது, ரயில் நிலையம் இருந்தது, கிளப் இருந்தது. ஆங்கிலம் பேசிப் பழகத் தெரு இருந்தது. பெண்ணுக்கு வகுப்பறையை விட்டால் வீடு. வகுப்பில் பேசாத ஆங்கிலத்தை அவள் வேறெங்கும் பேசப்போவதில்லை.

அதனால்தான் ஆரம்பகாலப் பெண்களின் ஆங்கிலம் பெரும்பாலும் பேனாவின் வழியாக நம்மிடம் வந்துசேர்கிறது. அகமதுநகரிலிருந்து 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் படிக்க வந்த கிருபாபாய், உடல்நலம் கெட்டுப் படிப்பைத் தொடர முடியாமல் போனார். ‘சகுணா’, ‘கமலா’ என்று இரண்டு ஆங்கில நாவல்கள் எழுதினார். 1894இல் இறந்தபோது வயது 32. பால்ய விதவையான சுப்புலட்சுமிக்குத் தந்தை வீட்டிலேயே ஆங்கிலம் கற்பித்தார். 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, பிறகு தன்னைப் போன்ற விதவைச் சிறுமிகளைப் படிக்கவைத்த சகோதரி சுப்புலட்சுமி அவர்தான்.

1914இல் கடற்கரையில் அரசு மகளிர் கல்லூரி தொடங்கியது. இன்றைய ராணி மேரிக் கல்லூரி. அடுத்த ஆண்டு மகளிர் கிறித்தவக் கல்லூரி. பாளையங்கோட்டை சாரா டக்கர் இரண்டுக்கும் மூத்தது. இவற்றைப் பெண்களைப் பத்திரமாக மூடிவைத்த இடங்கள் என்று எழுதுபவர்கள் உண்டு, நானும் இளமையில் அப்படி எழுதியிருக்கிறேன். இப்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வேன். அந்த வகுப்புகளில் திரை தேவைப்படவில்லை. கேள்வி கேட்பவளும் பெண், பதில் சொல்பவளும் பெண், தப்பாகச் சொன்னால் சிரிப்பவளும் பெண். ஆனால் அந்த வகுப்புகளுக்குள் யார் போக முடிந்தது? பெரும்பாலும் ஆதிக்கச் சாதிப் பெண்கள், கிறித்தவக் குடும்பத்துப் பெண்கள். சேரிப் பெண்ணுக்கும் சாலியத் தெருப் பெண்ணுக்கும் அது எட்டாத கடற்கரை. இதை அறிந்தவர் போலத்தான் 1854லேயே புனேயில் சாவித்திரிபாய் பூலே, ஒடுக்கப்பட்டவர்கள் ஆங்கிலம் கற்கவேண்டும் என்று மராத்தியில் கவிதை எழுதிவைத்தார். கவிஞர் ஒருத்தி தாய்மொழியில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு மொழியைக் கற்கச் சொல்கிறார். தாய்மொழிப் பற்றைக் குறித்து அவருக்கு நான் அன்று ஆற்றியதுபோல ஓர் உரை ஆற்றியிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

*

திரைக்குப் பின்னாலிருந்த முத்துலட்சுமி 1912இல் மருத்துவரானார். 1927இல் சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவையின் துணைத் தலைவர். அந்த அவையில் முதன்மையாக ஆங்கிலம்தான் ஓடியது. கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதை ஒழிக்க வேண்டும் என்று அவர் தீர்மானம் கொண்டுவந்ததும் வாதாடியதும் அந்த அவையில்தான். தாய்வழியில் அவரும் அந்தச் சமூகத்தோடு உறவுள்ளவர் என்பதை நினைத்துக்கொண்டு அந்தக் காட்சியைக் கற்பனை செய்ய வேண்டும். எதிரே படித்த, நாவன்மை மிக்க ஆண்கள். மரபு, சாத்திரம், கலை என்று ஒவ்வொன்றாக எடுத்துவைக்கிறார்கள். தாளில் எழுதிய ஆங்கிலம் அங்கே போதாது. எதிர்த்தரப்பு வாயைத் திறக்கும்போதே பதிலைத் தேட வேண்டும். வகுப்பில் திரை போட்டு வைத்திருந்தவளுக்கு அது எப்படிக் கைவந்தது என்று நான் வியப்பதுண்டு. மருத்துவக் கல்லூரி வார்டுகளில் நோயாளி, செவிலி, பேராசிரியர் என்று நாள் முழுக்கப் பேசியாகவேண்டிய வாழ்க்கை அதற்கு உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

அதே போராட்டத்தைத் தமிழில் நடத்தியவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். ஆங்கிலக் கல்வி பெற்றவரல்லர். ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற நாவலை எழுதினார். 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த படையில் நடந்தார். முத்துலட்சுமியைவிட அவர் பேச்சைக் கேட்ட பெண்கள் எத்தனையோ மடங்கு அதிகம் இருந்திருப்பார்கள். இருந்தும் சட்டம் எழுதப்பட்ட அறையில் அவர் பேசிய மொழிக்கு நாற்காலி இல்லை. இருவரில் யார் பெரியவர் என்று பட்டிமன்றம் நடத்த இதைச் சொல்லவில்லை. ஒருவருக்குத் தெருவும் இன்னொருவருக்கு அவையும் என்று மொழி பிரித்துவிட்டதே, அதைச் சொல்கிறேன்.

இந்த இருவர் பெயரும் இன்று அரசுத் திட்டங்களாக எங்கள் மாணவிகளின் வீடுகளுக்குள் இருக்கின்றன. அக்காவின் பிரசவத்துக்கு வந்த பணம் முத்துலட்சுமி அம்மையார் பெயரில். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த தங்கைக்கு 2022 செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய், இராமாமிர்தம் அம்மையார் பெயரில். புதுமைப் பெண் என்று சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். ‘மேம், அமௌன்ட் ஏறிடுச்சு’ என்று வந்து சொல்லும்போது நானும் மகிழ்கிறேன். அந்தப் பணத்தில் பேருந்து ஏறி வந்து என் வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

*

விடுதலைக்குப் பின் ஆங்கிலத்தைக் கிராமத்துப் பள்ளிவரை கொண்டுபோக ஒரு பெரிய முயற்சி இங்கே நடந்தது. 1950களின் இறுதியில் தொடங்கிய அந்தத் திட்டத்தை ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்பார்கள். பனிப்பந்து உருள உருளப் பெரிதாவதுபோல, சிலருக்குப் பயிற்சி தந்து, அவர்கள் மற்றவர்களுக்குத் தந்து, ஆங்கிலத்தின் தொடக்க வகுப்புகளை எடுக்கும் 27,000 ஆசிரியர்களைத் தயார் செய்வது நோக்கம். பனியே பார்க்காத ஊருக்கு எவ்வளவு அழகான பெயர். வாக்கிய அமைப்புகளைச் செய்கையோடு சேர்த்துத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது அதன் முறை.

அந்தப் பந்து எங்கள் அம்மாவின் பள்ளிவரை உருண்டது. அம்மா எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள். இப்போதும் வாசலுக்கு யாராவது வந்தால் எழுந்து போகும்போது, ‘ஐ ஆம் கோயிங் டு த டோர்’ என்று ராகம் போட்டுச் சொல்வாள். கதவைத் திறந்துவிட்டு, ‘ஐ ஆம் ஓப்பனிங் த டோர்.’ நாங்கள் சிரிப்போம். அறுபது வருடமாக மறக்காத அந்த வாக்கியங்களை அம்மா ஒருநாளும் இன்னொரு மனிதரிடம் சொன்னதில்லை. வகுப்பில் நாற்பது பேரும் சேர்ந்து சொன்னார்கள். சேர்ந்து சொல்வதில் பயமில்லை என்பது உண்மை. யார் குரலும் தனியாகக் கேட்காது என்பதும் உண்மை. கோரஸில் பெண் குரலுக்கு இடமுண்டு. உரையாடலில்தான் தகராறு.

பிறகு 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் என்.எஸ். பிரபு நடத்திய பரிசோதனை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. இலக்கணத்தைச் சொல்லிக்கொடுக்காமல் வேலையைக் கொடுத்தார். ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துக் கணக்குப்போல விடை காண வேண்டும். கவனம் விடையில் இருக்கும்போது மொழி தானாக வந்து படியும் என்பது அவர் துணிபு. ‘இரண்டாம் மொழிக் கற்பித்தல்’ பற்றி 1987இல் வந்த அவர் நூலை எங்கள் ஆங்கிலத்துறைத் தோழிதான் தந்தாள். தமிழ் கற்பிப்பவர்களும் படிக்க வேண்டிய நூல். ஒரே இடத்தில் எனக்கு அவரோடு சண்டை. மாணவர்களைக் குழுவாகப் பிரித்துப் பேசவிடுவதில் அவருக்கு நம்பிக்கையில்லை. ஒருவர் தப்பை இன்னொருவர் பிடித்துக்கொண்டு தப்பே நிலைத்துவிடும், ஆசிரியரோடு பேசுவதே மேல் என்றார். மொழியியலாகச் சரியாக இருக்கலாம். ஆனால் ஆசிரியர் எதிரே நிற்க, அறுபது பேர் பார்க்க, பையன்கள் பின்வரிசையில் தயாராக இருக்க, எழுந்து நின்று முதல் ஆங்கில வாக்கியத்தைச் சொல்லவேண்டியது ஒரு செங்கம் பக்கத்துப் பெண் என்றால், தப்பாகப் பேசுவதற்கு அவளுக்கு முதலில் ஓர் இடம் வேண்டும்.

என் பள்ளிக்காலத்துக்கு இந்தச் சோதனைகள் எதுவும் வந்துசேரவில்லை. பிளஸ் டூவில் ஆங்கிலம் முதல் தாள் 100, இரண்டாம் தாள் 100. அந்த இருநூறில் ஒரு மதிப்பெண்கூட நான் பேசி வாங்கியதல்ல.

*

1968இல் தமிழும் ஆங்கிலமும் போதும் என்று நம் மாநிலம் முடிவெடுத்தது. அந்த முடிவை நான் இன்றும் ஆதரிக்கிறேன். ஆனால் இரண்டு மொழியும் வீட்டில் எப்படிப் பங்கு பிரிக்கப்பட்டன என்று பார்க்க வேண்டும். அண்ணனோ தம்பியோ மெட்ரிக் பள்ளியில் ஆங்கில வழியில் படிக்க, தான் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்கள் கை தூக்குங்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் முதல் வாரம் கேட்கிறேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே தூக்குவார்கள். ‘அவன் ஃபீஸ் கட்டணும்ல மேம்’ என்று தம்பிக்காகப் பரிந்தும் பேசுவார்கள். தமிழைக் காக்கும் பொறுப்பு எப்படியோ பெண் பிள்ளைகள் தலையில் வந்து விடிந்திருக்கிறது.

இரண்டு ஆண்டுகளாக நானும் ஆங்கிலத்துறைத் தோழியும் புதன்கிழமை கடைசிப் பாடவேளையைச் சேர்ந்து எடுக்கிறோம். நான் கற்பிக்கப் போவதில்லை, மாணவர்களோடு சேர்ந்து தப்பாகப் பேசப் போகிறேன். இருபது வருடம் கழித்து ‘மை தீசிஸ் இஸ்’ என்ற வாக்கியத்தை அங்கேதான் முடித்தேன்.

தொடங்குமுன் சில கட்டுரைகளைப் படித்தோம். டேல் ஸ்பெண்டர் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணியர் தன் வகுப்புகளைத் தானே ஒலிப்பதிவு செய்து கேட்டார். பெண்களுக்குச் சமமாக நேரம் கொடுத்தேன், கூடுதலாகவே கொடுத்துவிட்டேனோ என்றுகூட நினைத்தவர் அவர். பதிவைக் கணக்கிட்டால், பெண்களோடு அவர் பேசிய நேரம் சராசரியாக 38 விழுக்காடு. இதைப் படித்துவிட்டு நானும் என் தமிழ் வகுப்பை அலைபேசியில் பதிவுசெய்தேன். பெண்ணியம் எழுதுகிறவள் வகுப்பு. ஒரு மணி நேரத்தில் ஒரு பெண்ணின் பெயரையும் நான் கூப்பிட்டிருக்கவில்லை. ‘ஏன்டா தூங்குறே’ என்று பையன்களை அதட்டியதெல்லாம்கூட அவர்களோடு பேசிய பேச்சுதான் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒழுங்காக உட்கார்ந்திருந்த குற்றத்துக்காகப் பெண்களை நான் மறந்துவிட்டிருந்தேன்.

இன்னொன்று, காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் கண்டது இது: கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் சுமார் ஒரு நொடி. அதை மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீள்கின்றன, அதுவரை பேசாதவர்கள் பேசுகிறார்கள். மூன்று நொடி என்பது சொல்லும்போது சின்னதாக இருக்கிறது. வகுப்பில் நின்று பாருங்கள், கிணற்றில் இறங்குவதுபோல இருக்கும். நான் மனதுக்குள் ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று’ என்று எண்ணுகிறேன். தமிழில் நினைத்து, ஆங்கிலத்தில் மாற்றி, யாரும் சிரிப்பார்களா என்று பின்வரிசையைப் பார்த்து, பிறகு வாயைத் திறக்க வேண்டிய பெண்ணுக்கு மூன்றும் போதாது. ஏழெட்டு வரை போயிருக்கிறேன். இடையில் பையன் யாராவது பதிலைச் சொல்லிவிட்டால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து.

முதலில் பெண்கள் இருவர் இருவராக. சொல்வது எங்களுக்குக் கேட்க வேண்டியதில்லை. பிறகு நால்வர். கடைசியாகத்தான் பையன்களும் கலந்த குழு. விடை எங்களுக்கே தெரிந்த கேள்விகளைக் கேட்பதில்லை என்று ஒரு விதி. ‘வாட் இஸ் யுவர் நேம்’ என்று பெயர் தெரிந்தவளிடம் கேட்பது விசாரணை, உரையாடல் அல்ல. உன் ஊரில் கடைசிப் பேருந்து போய்விட்டால் என்ன செய்வாய் என்று கேட்டால் எங்களுக்கும் உண்மையிலேயே பதில் தெரியாது. அதற்கு வந்த பதில்களை வைத்து ஒரு கவிதைத் தொகுப்பே போடலாம்.

போன புதன்கிழமை பிரபுவிடமிருந்து கடன் வாங்கி அட்டைகள் செய்தோம். ஒருவர் அட்டையில் திருவண்ணாமலையிலிருந்து விழுப்புரத்துக்குப் பேருந்து நேரங்கள், இன்னொருவர் அட்டையில் விழுப்புரத்திலிருந்து சென்னைக்கு ரயில் நேரங்கள். அட்டையைக் காட்டக்கூடாது, கேட்டுத்தான் பயணத்தைப் போட வேண்டும். ஒரு முழுப் பருவம் என்னிடம் ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் பேசாத மாணவி ஒருத்திக்கு, பேச்சில் வேகமான பையன் ஒருவன் வாய்த்தான். அவள் பேருந்து நேரத்தைச் சொல்லத் தொடங்கி, நிறுத்தி, மேலே பார்த்தாள். அவன் காத்திருக்கவில்லை. ‘யு மிஸ் த டிரெயின்’ என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் குழுவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. எழுந்துவிட்டேன்.

அதற்குள் அவள் அவன் அட்டை மேல் விரலை வைத்து, “நோ. யு வெய்ட். ஐ நாட் ஃபினிஷ்” என்றாள்.

தோழி திருத்துவதற்கு வாயெடுத்தாள். நான் அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினேன். பையன் காத்திருந்தான். அவள் ஒன்பதே முக்கால் பேருந்தில் ஏறி, விழுப்புரத்தில் இறங்கி, ரயில் நேரத்தை இரண்டு தடவை கேட்டு, டிக்கெட் விலையையும் கேட்டு, சென்னை போய்ச் சேருவதற்குள் மணி அடித்துவிட்டது.